டிரான்ஸ்மிஷன் ஸ்லிப் 350 காட்டுகிறது: இ-450 மோட்டர் ஹோம். எது இயல்பு, எது பழுது?

வடகாற்று (கேள்வி)

வணக்கம். வண்டி 2012 ஃபோர்டு இ-450 சேஸியில் கட்டிய 31 அடி கிளாஸ் சி மோட்டர் ஹோம் (உள்ளே வீட்டு வசதியுள்ள வண்டி). 6.8 லிட்டர் வி10 எஞ்சின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியான டார்க்‌ஷிஃப்ட், பின் ஆக்சில் விகிதம் 4.56, டயர் எல்டி225/75ஆர்16. தண்ணீரும் சாமானும் ஏற்றிய பிறகு எடைமேடையில் 13,900 பவுண்டு. வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் மாட்டி, போனில் ஃபோர்ஸ்கேன் செயலி வழியாக டிசிசி ஸ்லிப் (டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ற அளவைப் பார்க்கிறேன். கிடைத்தவை:

சிக்னலில் பிரேக் மிதித்து, கியர் டி-யில் (டிரைவ்) நிற்கும்போது 660. பார்க்கில் 20 முதல் 40.

சமதளத்தில் மணிக்கு 60 மைல், 5-ஆம் கியர்: 0 முதல் 6.

ஐ-5 சாலையில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து தெற்கே வரும்போது கிரேப்வைன் ஏற்றம், 4-ஆம் கியர், 50 மைல்: 350-ஐ ஒட்டியே நிற்கிறது. டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் (எண்ணெய்) வெப்பம் 192 ஃபாரன்ஹீட்டிலிருந்து 221-க்குப் போனது.

இறக்கத்தில் மைனஸ் 15, சில இடங்களில் மைனஸ் 120.

50–55 மைலில், 5-ஆம் கியரில், லேசான மேடு வந்தால் 20-க்கும் 90-க்கும் இடையே தாவுகிறது. அதே நேரம் மூன்று நான்கு விநாடி வண்டி அதிர்கிறது. சாலையோர வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறியது போன்ற அதிர்வு.

அவ்வப்போது ஒரு கணம் 16382 என்றும் வருகிறது!

கோடு (கம்ப்யூட்டர் பதிவு செய்யும் பழுதுக் குறியீடு) எதுவும் பதிவாகவில்லை. ஒரு டிரான்ஸ்மிஷன் கடையில் அந்த 350-ஐ மட்டும் பார்த்துவிட்டு, முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். 350 என்பது உண்மையிலேயே பழுதா? இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

---

பல்சக்கரம்

350-க்காகப் பிரிக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிக்கு முந்தைய வரி, அந்த 20–90 தாவல்.

டிசிசி ஸ்லிப் என்பது ஒரு கழித்தல் கணக்கு. எஞ்சின் சுற்றிலிருந்து டர்பைன் தண்டின் (கியர்பெட்டிக்குள் போகும் தண்டு) சுற்றைக் கழித்தால் வருவது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஃப்ளூயிட் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கமும் கியர்பெட்டி பக்கமும் எவ்வளவு வித்தியாசத்தில் சுற்றுகின்றன என்று அது சொல்கிறது. கியர்பெட்டியின் உள்ளே இருக்கும் கிளட்சுகள் வழுக்குகின்றனவா என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்கு வேறு கணக்கு, கீழே வருகிறேன்.

கன்வெர்ட்டர் வழுக்குவதற்காகவே செய்யப்பட்டது. வழுக்காவிட்டால் சிக்னலில் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே ஸ்லிப் எண்ணைத் தனியாகப் படித்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அதன் பக்கத்தில் லாக்கப் (இரு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் கிளட்ச்) கட்டளையையும் வைத்துப் படிக்க வேண்டும்: அந்த நிமிடம் கம்ப்யூட்டர் லாக்கப் கிளட்சைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறதா, விடச் சொல்லியிருக்கிறதா? சில செயலிகளில் இது ஆன்/ஆஃப் என்று வரும், சிலவற்றில் சதவீதமாகவோ அழுத்தமாகவோ வரும். விடச் சொன்னபோது 350 வந்தால் அது வேலை. பிடிக்கச் சொன்ன பிறகும் 350 நின்றால் அது பழுது.

இதை வைத்து உங்கள் எண்களைப் படிப்போம்.

டி-யில் நின்றபடி 660: டர்பைன் அசையாமல் நிற்கிறது, எஞ்சின் 660-ல் சுற்றுகிறது. கழித்தால் 660. வேறு எதுவும் வந்தால்தான் சந்தேகம்.

பார்க்கில் 20–40: டர்பைனுக்குச் சுமை இல்லை, எஞ்சினோடு கிட்டத்தட்ட சேர்ந்தே சுற்றுகிறது. சரி.

சமதளத்தில் 0–6: லாக்கப் முழுதாகப் பிடித்திருக்கிறது. இந்த ஒரு வரியே உங்கள் கன்வெர்ட்டர் கிளட்ச் செத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

இறக்கத்தில் மைனஸ்: சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளுகின்றன, டர்பைன் முந்துகிறது. மைனஸ் 15 லாக் ஆன நிலை, மைனஸ் 120 லாக் விட்ட நிலை. நீண்ட இறக்கத்தில் மைனஸ் 120 பார்த்தால் டவ்/ஹால் (சுமை இழுக்கும்போது போடும் முறை) பொத்தானை அழுத்தி ஒரு கியர் கீழே வாருங்கள், எஞ்சின் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது கிரேப்வைன். அது 6 சதவீத ஏற்றம், மைல் கணக்கில் விடாமல் ஏறுகிறது. உங்கள் டயர் ஒரு மைலுக்குச் சுமார் 710 சுற்று. 50 மைலில் 4.56 ஆக்சிலோடு கணக்கிட்டால் வெளித்தண்டு (கியர்பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டு) ஏறக்குறைய 2700 சுற்று. 4-ஆம் கியர் 1.00 விகிதம், ஆகவே டர்பைனும் 2700. எஞ்சின் 3050-ல் இருந்திருக்கும். ஆக்சிலரேட்டர் ஏறக்குறைய முழுதாக மிதிபட்டிருக்கிறது, எஞ்சினை இன்னும் கொஞ்சம் மேலே சுற்றவிட கம்ப்யூட்டர் லாக்கப்பை விட்டிருக்கிறது. பெரும்பாலும் அதுதான். கட்டளையைப் பதிவு செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இயல்பு என்பதால் அப்படியே விட்டுவிடலாம் என்றும் இல்லை. முறுக்குவிசையை வழுக்கலோடு பெருக்கினால் வீணாகும் வெப்பம் கிடைக்கும். அந்த ஏற்றத்தில் சுமார் 515 நியூட்டன் மீட்டர், 350 சுற்று என்றால் ஏறத்தாழ 19 கிலோவாட். ஆர்விக்குள் வைக்கும் 1500 வாட் ஹீட்டர் பன்னிரண்டை ஃப்ளூயிட்டுக்குள் போட்டது மாதிரி. உங்கள் 221 அங்கிருந்துதான் வந்தது.

செய்ய வேண்டியது எளிது: ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே டவ்/ஹால் போட்டு 3-ஆம் கியருக்கு வந்துவிடுங்கள். 50 மைலில் 4170 சுற்று வரும். சத்தம் அதிகம்தான். ஆனால் இந்த வி10 தன் முழு 305 குதிரைத்திறனைத் தருவதே 4250-ல், அது அந்தச் சுற்றுக்காகவே செய்யப்பட்ட எஞ்சின். 3-ஆம் கியரில் லாக்கப் மறுபடி பிடிக்கும், ஸ்லிப் பத்துக்குள் வரும், வெப்பம் இறங்க ஆரம்பிக்கும். 45 மைலுக்குக் குறைத்தால் 3750 சுற்று போதும்.

இனி உள் கிளட்சுகளுக்கான கணக்கு. டர்பைன் சுற்றை வெளித்தண்டு சுற்றால் வகுங்கள். இந்தப் பெட்டிக்கு வர வேண்டியவை: 1-ஆம் கியர் 3.11, 2-க்கு 2.22, 3-க்கு 1.55, 4-க்கு 1.00, 5-க்கு 0.71. வேகம் நிலையாக இருக்கும்போது விடை இதிலிருந்து நகரக் கூடாது. 4-ஆம் கியரில் டர்பைன் 2850, வெளித்தண்டு 2700 என்று வந்தால் விகிதம் 1.06, ஏதோ ஒரு கிளட்ச் வழுக்குகிறது. அப்போது பி0731 முதல் பி0735 வரையிலான கோடுகளில் ஒன்று வரும், கடைசி எண் கியரைக் காட்டும். பி0741 வந்தால் அது கன்வெர்ட்டர் லாக்கப். இரண்டும் வேறு வேறு பழுது, வேறு வேறு செலவு. கோடு தெரியாமலேயே டவ்/ஹால் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டர் பழுதைப் பதிவு செய்துவிட்டது என்று பொருள்.

---

சாலைவாசி

பல்சக்கரம் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதல்ல அந்த 16382. அது வண்டியோட தப்பு இல்ல, ஆப்போட தப்பு. ஸ்லிப் எண் பிளஸ்லயும் வரும் மைனஸ்லயும் வரும். செயலியில சூத்திரம் மைனஸைப் படிக்காத மாதிரி எழுதியிருந்தா, மைனஸ் 2 சுற்று உங்க திரையில 16382-ன்னு விழும். 65536-லேர்ந்து 8 போனா 65528, அதை 4-ஆல வகுத்தா 16382. பட்டியல்ல வண்டி மாடலைச் சரியாத் தேர்ந்தெடுத்து, அந்த அளவை நீக்கிட்டுத் திரும்பச் சேருங்க.

ரெண்டாவது, ப்ளூடூத் டாங்கிளோட வேகம். அது எல்லா எண்ணையும் ஒரே நேரத்துல எடுக்காது, ஒண்ணு ஒண்ணாக் கேட்கும். எஞ்சின் சுற்றும் டர்பைன் சுற்றும் தனித்தனியா எடுத்து நீங்களே கழிச்சா, முடுக்கும்போது பொய்யான ஸ்லிப் வரும். எஞ்சின் விநாடிக்கு 500 சுற்று ஏறிக்கிட்டிருக்கு, ரெண்டு அளவுக்கும் நடுவுல 0.3 விநாடி இடைவெளின்னா, இல்லாத 150 சுற்று வித்தியாசம் திரையில தெரியும். அதனால பதிவு பண்றப்ப அஞ்சு அளவுக்கு மேல வைக்காதீங்க: எஞ்சின் சுற்று, டர்பைன் சுற்று, வெளித்தண்டு சுற்று, லாக்கப் கட்டளை, ஃப்ளூயிட் வெப்பம். போதும். வேகம் ஒரே சீரா இருக்கற பத்து விநாடியை மட்டும் நம்புங்க. கியர் மாறுற இடத்துல வர்ற எண்ணைத் தூக்கிப் போடுங்க.

ஜிபிஎஸ் வேகத்தை வச்சு ஸ்லிப் கணக்குப் போடுறவங்களும் இருக்காங்க, அதுவும் வேண்டாம். டயர் தேய்மானம், காத்து அழுத்தம் எல்லாம் சேர்ந்து 3 சதவீதம் பிசகினாலே 2300 சுற்றுல 70 சுற்று தப்பு வந்துடும். டர்பைனை வெளித்தண்டால வகுக்கற கணக்குல டயர் வராது, அதான் அது நம்பிக்கையானது.

இப்ப அதிர்வு. 50–55 மைல், லேசான மேடு, மேல் கியர்: லாக்கப் கிளட்ச் அதிர்வும் அந்த இடத்துலதான் வரும், எஞ்சின் மிஸ்ஃபயரும் (ஒரு சிலிண்டர் சரியா எரியாதது) அதே இடத்துலதான் வரும். வி10-ல ஒரு காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர்றது) பலவீனமானா உட்கார்ந்திருக்கறவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பிரிச்சுப் பார்க்க வழி: அதிர்வு வர்ற நேரத்துல ஸ்லிப் எண்ணைப் பாருங்க. ஸ்லிப் பூஜ்யத்துல அசையாம நிக்குது, ஆனா வண்டி அதிருதுன்னா எஞ்சின் பக்கம் போங்க, பி0301-லேர்ந்து பி0310 வரைக்கும் நிலுவைக் கோடு (இன்னும் உறுதியாகாத பழுதுக் குறியீடு) இருக்கான்னு பாருங்க, ஸ்பார்க் பிளக், காயில் பாருங்க. ஸ்லிப் எண்ணும் அதிர்வோட சேர்ந்து தாவுதுன்னா லாக்கப் கிளட்ச்.

இன்னொரு சோதனை. பின்னால வண்டி இல்லாத நீளமான மேட்டுல, அதிர்வு வந்ததும் வலது கால் ஆக்சிலரேட்டர்ல அப்படியே இருக்க, இடது காலால பிரேக் மிதிவை விளக்கு எரியற அளவுக்கு மட்டும் தொடுங்க. பிரேக் பிடிக்கக் கூடாது. சுவிட்ச் தொட்டதும் லாக்கப் விட்டுடும், எஞ்சின் சுற்று குபீர்னு நூறு இருநூறு ஏறும், ஸ்லிப்பும் அதே அளவு ஏறும். அதிர்வு அந்தக் கணமே நின்னா லாக்கப் மேல சந்தேகம் கூடுது. ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா லாக்கப் விட்டா மிஸ்ஃபயர் அதிர்வையும் கன்வெர்ட்டர் கொஞ்சம் விழுங்கிடும். குரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தா அணைச்சுட்டுப் பண்ணுங்க, பிரேக் தொட்டா அதுவும் விட்டுடும்.

பிரேக் தொட்டும் ஸ்லிப் எண் அசையலைன்னா, உங்க செயலி காட்டறது ஸ்லிப்பே இல்ல. முதல்ல அதைச் சரி பண்ணணும்.

---

டீசல்புஷர்

ஆலிசன் 3000 (பெரிய டீசல் மோட்டர் ஹோம்களில் வரும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஒரு குறிப்பு. மேலே உள்ள வகுத்தல் அதற்கும் பொருந்தும், விகிதங்கள் மட்டும் வேறு: 3.49, 1.86, 1.41, 1.00, 0.75, 0.65. ஆனால் பொத்தான் வகை செலக்டர் உள்ள வண்டியில் ஓபிடி இல்லாமலே நிறையப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மேல் கீழ் அம்புகளை ஒன்றாக அழுத்தினால் முதலில் ஃப்ளூயிட் மட்டம் வரும். அதற்கு முன் சுமார் 2 நிமிடம் எண்கள் இறங்கிக்கொண்டே வரும், பொறுத்திருங்கள். ‘எல்ஓ 01’ என்றால் ஒரு குவார்ட் குறைவு. 2009-க்குப் பிந்தைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில், அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால், மீண்டும் மீண்டும் அழுத்தும்போது ஃப்ளூயிட் ஆயுள், ஃபில்டர், டிரான்ஸ்மிஷன் நலம் என்று வரிசையாக வரும். நலம் என்பது கிளட்ச் தேய்மானத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்வது. அங்கே ‘ஓகே’ இருக்கும்போது ஸ்லிப் எண் ஒன்றைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பதிவைக் கேளுங்கள்.

---

வடகாற்று

மிக்க நன்றி. ஐந்து அளவுகள் மட்டும் வைத்துப் பதிவு செய்தேன்.

கிரேப்வைன் ஏற்றத்தில் 350 வரும் இடத்தில் லாக்கப் கட்டளை ஆஃப்தான். 3-ஆம் கியருக்கு இறக்கியதும் கட்டளை ஆன், ஸ்லிப் 4 முதல் 9. வெப்பம் 205-ஐத் தாண்டவில்லை.

5-ஆம் கியர் அதிர்வு: கட்டளை ஆன், ஸ்லிப் 20–90. அந்த நேரம் முழுவதும் டர்பைன்/வெளித்தண்டு விகிதம் 0.71-லேயே நிற்கிறது. பிரேக்கைத் தொட்டதும் நின்றது. காலையில் புறப்பட்டவுடன் வருவதில்லை, 185-க்கு மேல் சூடான பிறகுதான். மிஸ்ஃபயர் நிலுவைக் கோடு இல்லை.

டிப்ஸ்டிக்கில் மட்டம் சரியாக இருக்கிறது. நிறம் கரும்பழுப்பு, கருகிய வாடை இல்லை. முந்தைய உரிமையாளர் ஃப்ளூயிட் மாற்றியதற்கான ரசீது எதுவும் கிடைக்கவில்லை.

---

பல்சக்கரம்

நல்ல பதிவு. விகிதம் 0.71-ல் அசையாமல் நின்றதால் கியர்பெட்டியின் உள் கிளட்சுகள் 5-ஆம் கியரில் நன்றாகவே பிடிக்கின்றன. கட்டளை ஆன், ஸ்லிப் தாவுகிறது, சூட்டில் மட்டும் வருகிறது: இது லாக்கப் கிளட்ச் பிடித்தும் விட்டும் அதிர்வது. கிளட்ச் சுத்தமாகத் தேய்ந்திருந்தால் 60 மைல் சமதளத்திலும் கிரேப்வைன் 3-ஆம் கியரிலும் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்காது.

ஏன் 5-ல் மட்டும்? 55 மைலில் 5-ஆம் கியரில் எஞ்சின் 2110 சுற்று, 4-ல் 2970. அதே மேட்டை ஏற அதே சக்தி வேண்டும். சுற்று குறைவு என்றால் முறுக்குவிசை கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிகம், அது முழுவதையும் தாங்குவது அந்த ஒரு கிளட்ச் பரப்பு. பழைய ஃப்ளூயிட்டில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தீர்ந்துபோனால் முதலில் தடுமாறுவது இந்த இடம்தான். எனவே வேலை முடியும்வரை இப்படிப்பட்ட மேடுகளில் டவ்/ஹால் போட்டு 4-ல் போங்கள். அதிர்வோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பரப்பு கண்ணாடி போல் மெருகேறும். மெருகேறிய பிறகு எந்த ஃப்ளூயிட்டும் காப்பாற்றாது.

ஃப்ளூயிட் மாற்றுவதில் கவனிக்க வேண்டியவை:

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், கொதிக்கும்போது வேண்டாம். வடித்ததை அளவுப் பாத்திரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் இந்தப் பெட்டி கன்வெர்ட்டரோடு சேர்த்து 17 குவார்ட் பிடிக்கும். சட்டியில் (பெட்டியின் அடியில் ஃப்ளூயிட் தேங்கும் தட்டு) வடிவது அதில் பாதிக்கும் குறைவு, மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஒரு தடவை மாற்றிச் சில நூறு மைல் ஓட்டி, மறுபடி ஒரு தடவை மாற்றுங்கள். அப்போது சுமார் 70 சதவீதம் புதிது ஆகும்.

சட்டியைக் கழற்றினால் காந்தத்தைப் பாருங்கள். இதுதான் ஸ்கேனர் சொல்லாததைச் சொல்லும் இடம். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறப் பசையாக, துகள் தெரியாமல் இருந்தால் வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் இரும்புச் சீவலோ, பித்தளை மினுமினுப்போ, கருப்பு உராய்வுத் துண்டுகளோ இருந்தால் மூடிவிட்டு, பிரித்துப் பார்க்கக் கூடிய கடைக்குப் போங்கள். அங்கே ஃப்ளூயிட் மாற்றுவது பணம் வீண். உள் ஃபில்டரையும், உங்கள் வண்டியில் வெளி ஃபில்டர் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஊற்ற வேண்டியது கையேட்டில் எழுதியிருக்கும் மெர்க்கான் (ஃபோர்டின் ஃப்ளூயிட் தரம்) வகை மட்டும். மெர்க்கான் என்று தொடங்குவதெல்லாம் ஒன்றல்ல. ‘எல்லா வண்டிக்கும்’ என்று போட்ட டப்பாவையும், அதிர்வு நிறுத்தும் சேர்மான பாட்டிலையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். சேர்மானம் அதிர்வைக் கொஞ்ச காலம் மறைக்கும், பதிவு பொய்யாகும், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போகும்.

வடித்த அளவே ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, பார்க்கில் வைத்து, சூடான பிறகு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குளிரில் முழு மட்டம் காட்டினால் சூட்டில் அது மிகை. மிகையானால் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது, லாக்கப் மறுபடி வழுக்கும். குறைவானாலும் வழுக்கும், செங்குத்தான ஏற்றத்தில் ஃப்ளூயிட் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கும். கீழே படுத்திருக்கும்போதே கூலரின் முன்புறத்தில் அடைந்திருக்கும் பூச்சியையும் தூசியையும் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு அதே மேட்டில், அதே எடையில், 185-க்கு மேல் வெப்பத்தில் பதிவு செய்யுங்கள். கட்டளை ஆன் நிலையில் ஸ்லிப் 20-க்குள் நின்றால் வேலை முடிந்தது. 20–90 தாவல் அப்படியே இருந்தால் அடுத்தது லாக்கப் சாலினாய்டும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) அதன் அழுத்தப் பாதையும். கடைக்காரரிடம் வால்வு பாடி (ஃப்ளூயிட் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கத்தில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கட்டளைக்கு ஏற்ற அழுத்தம் வந்தும் வழுக்கினால் கன்வெர்ட்டர். அப்போதும் மாற்ற வேண்டியது கன்வெர்ட்டர்தான், உள் கிளட்ச் விகிதம் சரியாக இருக்கும்வரை முழுப் பெட்டி அல்ல.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். யாராவது ஸ்டால் சோதனை செய்யலாம் என்பார்கள், பிரேக்கை அழுத்திப் பிடித்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது. 14,000 பவுண்டு மோட்டர் ஹோமில், உள்ளே அடுப்பும் ஃப்ரிட்ஜும் குடும்பமும் இருக்கும் வண்டியில், அதற்கு இடமில்லை. எஞ்சின் சக்தி முழுதும் சில விநாடிகளில் ஃப்ளூயிட்டில் வெப்பமாக இறங்கும். உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் அந்த ஐந்து அளவுப் பதிவிலேயே இருக்கிறது.

---

சாலைவாசி

வெப்ப எல்லையையும் சொல்லிடறேன். 175-லேர்ந்து 205 ஃபாரன்ஹீட் வரைக்கும் (80–96 செல்சியஸ்) கவலையே வேண்டாம். 220 (104 செல்சியஸ்) தாண்டினா கியரைக் குறைங்க, லாக்கப் கட்டளையைப் பாருங்க. 250 (121 செல்சியஸ்) வந்தா ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காம பார்க்கில் விட்டுடுங்க. எஞ்சின் ஓடினாத்தான் பம்ப் ஃப்ளூயிட்டைக் கூலருக்குத் தள்ளும், மின்விசிறியும் சுத்தும். 200-க்குக் கீழ வந்ததும் 3-ஆம் கியர்ல கிளம்புங்க.

---

வடகாற்று

ஃபில்டர், சட்டி கேஸ்கெட், ஃப்ளூயிட் மூன்றுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். காந்தத்தின் படமும், இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகான பதிவும் இதே இழையில் போடுகிறேன். அதுவரை மேடுகளில் 4-ஆம் கியர்தான்.